இருபது சீட்டு

வணக்கம். இந்த மேடையில் கனமான நூல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் எடுத்து வந்திருப்பது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான தொடர். சிரிக்காதீர்கள். சுசான் காலின்ஸ் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’. 2008, 2009, 2010 என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்று பாகங்கள் வந்தன.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இன்றைய வட அமெரிக்கா சிதைந்தபின் அதே மண்ணில் பனெம் என்றொரு நாடு. கேபிடல் என்ற தலைநகரும் அதற்கு அடங்கிய 12 மாவட்டங்களும். முன்பு கலகம் செய்ததற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு இரண்டு பேராக 24 பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, ஒருவரையொருவர் கொல்லவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள்.

என் மகள் சோறு மறந்து படிக்கிறாளே என்று புரட்டினேன். சண்டைக்கெல்லாம் வெகு முன்னால், முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு கணக்கு என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது.

12 வயதில் ஒரு சீட்டு. 13-ல் இரண்டு. இப்படியே ஏறி 18-ல் ஏழு. இதுவரை எல்லோருக்கும் பொது. வீட்டில் அடுப்பு எரியவில்லையா? கூடுதலாக ஒரு சீட்டில் பெயர் எழுதிப் போடு. ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் தருகிறோம் என்கிறது கேபிடல். அதுவும் அரைவயிற்றுக்குத்தான். போட்ட சீட்டு அடுத்த வருடமும் தொடரும். தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று வாங்கிவந்த கதாநாயகி காட்னிஸுக்கு 16 வயதில் 20 சீட்டு. ஐந்து பேர் வீட்டைத் தாங்கும் அவள் தோழன் கேலுக்கு 18 வயதில் 42! மேயர் மகளுக்கு வயதுக்குரியது மட்டும். கேல் அந்தப் பெண்ணின் மேல்தான் எரிந்து விழுகிறான். கேபிடலுக்கு வேண்டியதும் அதுதானே?

ஏதென்ஸ் நகரம் மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனுக்குப் பிள்ளைகளை அனுப்பிய கிரேக்கக் கதையைத் தன் தூண்டுதலாக காலின்ஸ் சொல்லியிருக்கிறார். எனக்குப் பகாசுரன்தான் நினைவுக்கு வந்தான். ஏகசக்கரபுரத்தில் அவனுக்கு இரையாகும் முறை வீட்டுக்கு வீடு வந்தது. ஆனால் ஓர் ஆளை விலைக்கு வாங்கி அனுப்பத் தன்னிடம் பொருளில்லை என்று முறை வந்த அந்தணர் அழுவதும் பாரதத்தில் உண்டு. காசுள்ளவன் தப்பும் அந்தச் சந்தையைக் காலின்ஸ் அரசாங்க விதியாகவே எழுதிவிட்டார்.

அப்புறம் செய்கிறார் பாருங்கள் ஒரு வேலை. தங்கை பிரிமைக் கூடுதல் சீட்டே போடவிடாமல் காட்னிஸ் காத்துவந்தாள். குலுக்கலில் வருவது பிரிமின் அந்த ஒற்றைச் சீட்டு. அக்கா முன்வந்து தானே போகிறாள். ஊர் கைதட்டவில்லை; மூன்று விரலை உதட்டில் வைத்து உயர்த்துகிறது. அன்புக்குரியவரை வழியனுப்பும் பழைய சைகை. 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தாய்லாந்து மாணவர்கள் இதே சைகையைத் தெருவில் காட்டிக் கைதானார்கள். 2021-ல் மியான்மரிலும் விரல்கள் உயர்ந்தன.

இரண்டாம் பாகம் விறுவிறுப்புதான், ஆனால் மறுபடியும் அதே களம். மூன்றாவது பலருக்குப் பிடிக்கவில்லை; எனக்கு அதுதான் துணிச்சலானது. ஓரிரவு தொலைக்காட்சியில் ரியாலிட்டி போட்டிக்கும் ஈராக் போர்க் காட்சிக்கும் மாறி மாறித் தாவியபோது இந்தக் கதை பிறந்தது என்கிறார் காலின்ஸ். அந்தப் பொறி மூன்றாம் பாகத்தில்தான் பற்றி எரிகிறது. புரட்சி செய்கிறவர்களும் காட்னிஸை கேமரா முன் நிறுத்திப் பிரசாரப் படம் எடுக்கிறார்கள்.

2020-ல் வந்த முன்கதையை முதலில் எடுக்காதீர்கள். வெளியான வரிசையிலேயே படியுங்கள். மூன்றாம் பாகத்தின் கடைசியில் காட்னிஸ் அம்பு யார்மேல் பாய்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. முன்வரிசையில் பாதி படித்தவர்கள் இரண்டு பேர் முறைக்கிறார்கள்.