கறுப்பு டேப் ஒட்டினா போதும், அண்ணாச்சி!

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, முன் வரிசையில உக்காந்து எனக்குக் கை தட்டுததா எதிரணிக்குத் தட்டுததான்னு இன்னும் முடிவு பண்ணாத சினிமா, கேமரா படிக்கிற விஸ்காம் பிள்ளைகளே, வணக்கம்.

‘சினிமா படிக்கிற பிள்ளைக்குக் கைகொடுப்பது பிலிமா, டிஜிட்டலா?’ டிஜிட்டல்தான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின அண்ணாச்சி, பிலிம்ல படிச்சாத்தான் ஒழுக்கம் வரும்னாரு. 35 எம்எம்ல 400 அடி ரோல் நாலரை நிமிஷம்கூட ஓடாது, அதனால ஒவ்வொரு ஷாட்டையும் யோசிச்சு எடுப்பான்னாரு. கணக்கு சரிதான். ஆனா அந்த நாலரை நிமிஷத்துக்குக் காசு யாரு கொடுப்பா? களக்காட்டுல வாழைக்காய் ஏத்துத அப்பாவா?

பிலிம் காலத்துல ஒருத்தன் கேமராவைத் தொடணும்னா சென்னையில தரமணி பிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகணும், இல்ல 1960-ல ஆரம்பிச்ச புனே இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகணும். சீட்டு கிடைச்சவன் படிச்சான். கிடைக்காதவன் ஜங்ஷன்ல டிக்கெட் எடுத்துப் படம் பாத்தான். அம்புட்டுதான்.

சரி, காசை விடுங்க. பாடத்துக்கு வருவோம்.

குறுக்குத்துறையில உச்சி வெயில்ல ஒரு பையன் படம் எடுக்கான். மண்டபத்துக்குள்ள நடிகன், பின்னால ஆறு பளபளக்குது. ஆத்துக்கு வெளிச்ச அளவு வச்சா முகம் கறுக்கும், முகத்துக்கு வச்சா ஆறு வெளுக்கும். பிலிம்னா டப்பாவை ஒட்டி சென்னை லேபுக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்கணும். லேபுல கழுவின ரஷ் வந்து பாக்கையில முகம் கறுப்பு. அன்னைக்கு லென்ஸை எம்புட்டுத் திறந்தோம், அதான் என்ன அப்பர்ச்சர் வச்சோம், மேகம் இருந்துச்சா, எதுவும் ஞாபகம் இருக்காது. தாமிரவருணியில நீச்சல் பழகுதவனுக்கு மூக்குல தண்ணி ஏறினது அந்த நிமிஷமே தெரியணும்லா? பத்து நாள் கழிச்சுக் கடுதாசியிலயா தெரியணும்? டிஜிட்டல்ல அங்கனயே பாக்கான், வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, மாத்துதான், மறுபடி பாக்கான். தப்பும் திருத்தமும் ஒரே வெயில்ல நடக்கு.

“பாத்துப் பாத்து எடுத்தா யோசிக்க மாட்டானே”ன்னு அண்ணாச்சி கேக்காரு. நல்ல கேள்வி, மறுக்கல. கண்டபடி சுட்டுத் தள்ளிட்டு எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு போற பிள்ளைகள் உண்டு. அது வாத்தியார் கண்டிக்க வேண்டிய விஷயம். மானிட்டர்ல கறுப்பு டேப் ஒட்டுங்க. “வெளிச்சம் அளக்குத லைட் மீட்டரை மட்டும் நம்பி எடுலே, நாலு நிமிஷத்துக்கு மேல ஓடக்கூடாது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அளவை நோட்டுல எழுது”ன்னு சொல்லுங்க. சாயங்காலம் டேப்பைப் பிரிச்சு, நோட்டையும் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பிலிம் தந்த ஒழுக்கம் முழுசும் வந்துரும். ஆனா டிஜிட்டல் தருத அந்தச் சாயங்காலத்தை பிலிம்ல எப்படிக் கொண்டு வருவீக? எதிரணி இதுக்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொண்ணு. பிலிம்தான் கண்டிப்பான வாத்தியார்னு நெனச்சிட்டிருக்கோம். கலர் நெகட்டிவ்ல ஒண்ணு ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினா, பிரிண்ட் போடையில சமாளிச்சிரலாம். டிஜிட்டல்ல வெளிச்சம் கூடி வெறும் வெள்ளையாப் போச்சுன்னா போச்சு, திரும்ப வராது. இதுல எது வே கண்டிப்பு?

2018-ல ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் மும்பைக்கு வந்து பிலிமைக் காப்பாத்தணும்னு பேசினாரேன்னும் சொன்னாக. அவரு சொன்னது நியாயம். அவருக்கு ரோல் வாங்கிக் கொடுக்க ஸ்டுடியோ இருக்கு. நம்ம பிள்ளைக்கு? 2012 ஜனவரியில பிலிம் செய்யுத கோடாக் கம்பெனியே திவால் மனு போட்டுது, பிறகு மீண்டு இன்னும் பிலிம் செய்யுது. இன்னொரு பிலிம் கம்பெனி ஃபியூஜி 2013-ல சினிமா நெகட்டிவை நிறுத்தியே போட்டுது. விக்குததுக்கே ஆள் குறைஞ்ச பொருளை வச்சு மூணு வருஷப் பாடத்திட்டம் போடச் சொல்லுதாக!

மணி அடிச்சிட்டீக நடுவரே, ஒரே ஒரு பதிலோட உக்காந்துருதேன். “பிலிம் நூறு வருஷம் இருக்கும், ஹார்ட் டிஸ்க் நாளைக்கே போயிரும்”னாக. ஆவணக் காப்பகத்துக்கு அது பெரிய கவலை, ஒத்துக்கிடுதேன். ஆனா முதலாம் ஆண்டு மாணவன் எடுத்த பயிற்சிப் படத்தை எதுக்கு வே நூறு வருஷம் வைக்கணும்? அது சீக்கிரம் அழிஞ்சாத்தான் நாளைக்கு அவனுக்குப் பொண்ணு கொடுப்பாக!

நன்றி, வணக்கம்.