விமானத்தின் வடிவம் எங்கே இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. விமானம் என்றதும் ஆட்கள் இன்ஜினைப் பற்றிக் கேட்பார்கள், அதை விட்டால் பைலட்டைப் பற்றி. நான் இன்றைக்குப் பேசப் போவது துளை பற்றியும் சந்து பற்றியும். பெரிய பெரிய தகடுகளை இணைக்கும்போது துளை சரியான இடத்தில் விழ வேண்டும், இரண்டு பாகங்களுக்கு நடுவே சந்து விழக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதான், நூறு வருஷமாகப் பொறியாளர்களைப் படுத்தி எடுக்கிறது.

1941 ஜனவரியில் ஃபோர்டு கார் கம்பெனியின் உற்பத்தித் தலைவர் சார்லஸ் சோரன்சன் அமெரிக்காவில் சான் டியாகோவுக்குப் போனார். அங்கே கன்சாலிடேட்டட் நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. கார் ஆலையிலிருந்து வந்த மனிதருக்குத் தலை சுற்றியது. தச்சர் கதவை நிலையில் வைத்துப் பார்த்து, இடிக்கிற இடத்தை இழைத்து, மறுபடி வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாகப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது. கடைசிக்கட்டப் பொருத்தலோ திறந்தவெளியில், வெயிலில், ஓர் எஃகுச் சட்டத்தின் மேல்.

இந்த வெயிலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலுமினியம் ஒரு டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 23 பங்கு. பி-24 இறக்கை நுனிக்கு நுனி 33 மீட்டருக்கு மேல். காலையிலிருந்து மதியத்துக்குள் 10 டிகிரி ஏறினால் இறக்கை ஏழரை மில்லிமீட்டர் நீண்டுவிடும், அதே நீளமுள்ள எஃகு நான்கு மில்லிமீட்டர்தான் நீளும். தாங்குகிற சட்டம் ஒரு அளவு, மேலே இருக்கிற இறக்கை வேறு அளவு. காலையில் போட்ட துளையோடு மதியம் போட்ட துளை எப்படிச் சேரும்?

சோரன்சன் அன்றிரவே ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஒரு புது ஆலைக்குத் திட்டம் வரைந்தார். அதுதான் மிச்சிகனில் எழுந்த வில்லோ ரன். விமானத்தின் வடிவத்தைத் தொழிலாளியின் கைப்பக்குவத்திலிருந்து எடுத்து எஃகுக்குள் வைப்பதுதான் அவர் எண்ணம். கெட்டி எஃகு அச்சுகள், பாகத்தை அசையாமல் பிடித்துத் துளை விழ வேண்டிய இடத்தைக் காட்டுகிற ஜிக்குகள். தொடக்கத்தில் ஆலை தள்ளாடியது. விமானப்படை வாராவாரம் ஒரு மாற்றம் கேட்கும், எஃகு அச்சை அப்படி மாற்ற முடியுமா? ஆனால் 1944இல் மணிக்கு ஒரு விமானம் என்கிற வேகத்தைத் தொட்டுவிட்டார்கள், மொத்தம் 8,685 விமானங்கள். என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கையைவிட, ஒரு விமானத்தின் பாகம் இன்னொன்றுக்குச் சேர்ந்ததுதான் பெரிய சாதனை.

சரி, ஜிக் துளையின் இடத்தைக் காட்டிவிட்டது, அப்புறம்? இரண்டு தகடுகளைச் சேர்த்து ட்ரில் போடுகிறீர்கள். அடுத்த துளைக்குப் போவதற்குள் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தால் முந்தின துளை கோணிக்கொள்ளும். அதற்குத்தான் கிளெகோ என்று ஒரு சின்னச் சாமான் வந்தது. விரல் நீளம், உள்ளே ஸ்பிரிங், முனையில் இரண்டு மெல்லிய கால்கள். அதற்கென்றே உள்ள இடுக்கியால் தலையை அழுத்தினால் கால்கள் முன்னே நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துளைக்குள் நுழைத்து விட்டுவிட்டால் பின்னுக்கு இழுபட்டு விரிந்து அந்தப் பக்கத்துத் தகட்டைக் கவ்விக்கொள்ளும். (வானொலியில் இதைக் கையால் செய்துகாட்டி என்ன பயன், ஆனாலும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.) அளவுக்கு ஒரு நிறம் உண்டு: எட்டில் ஒரு அங்குலத் துளை என்றால் செம்பு நிறம், அதற்கடுத்த அளவு கறுப்பு. தகடுகளை நிரந்தரமாக இணைக்கிற ஆணியான ரிவெட்டை அடிக்கும் முன் ஒரு விமான உடலைப் பார்த்தால் முள்ளம்பன்றிபோல் கிளெகோ குத்தி நிற்கும்.

ரிவெட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. உறுதியான கலவையில் செய்த சில அலுமினிய ரிவெட்டுகளைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் மிருதுவாகிவிடும், ஆனால் சாதாரண வெப்பத்தில் வைத்தால் தானாகவே இறுக ஆரம்பிக்கும். அதனால் ஃப்ரீசரில் போட்டு வைப்பார்கள். வெளியே எடுத்தால் சுமார் 20 நிமிடத்துக்குள் அடித்தாக வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, இன்னொருவர் உள்ளே இருந்து இரும்புக்கட்டியால் முட்டுக் கொடுப்பார். போர்க்காலத்தில் இந்த வேலையை ஏராளமாகச் செய்தவர்கள் பெண்கள்.

துளை போட்ட இடம்தான் தகட்டில் பலவீனமான இடம், விரிசல் பெரும்பாலும் அதன் விளிம்பில்தான் தொடங்கும். 1988 ஏப்ரலில் ஹவாயில் அலோஹா விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்து போனதே, ரிவெட் துளைகளிலிருந்து கிளம்பிய விரிசல்கள் ஒன்று சேர்ந்ததன் விளைவு அது. ஒரு விமானப் பணிப்பெண் இறந்துபோனார். துளையை வலுவாக்கும் ஒரு உபாயம் அதற்கு முன்பே வந்துவிட்டது. துளையைவிடச் சற்றே பருத்த ஒரு கம்பியை, நடுவே ஒரு மெல்லிய உறையை வைத்து, துளை வழியாக வலுக்கட்டாயமாக இழுப்பார்கள். துளையைச் சுற்றியுள்ள உலோகம் விரிந்து, பிறகு தன்னையே நெருக்கிக்கொண்டு நிற்கும். விரிசல் வாய் திறக்கப் பார்த்தாலும் அந்த நெருக்கம் விடாது. உலோகத்தைச் சுரண்டி எடுக்கவில்லை, கூடுதலாக எதையும் ஒட்டவில்லை, ஒரு இழுப்புத்தான், துளையின் ஆயுள் பல மடங்காகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

மறுபடி ஜிக்குக்கு வருகிறேன். எஃகு ஜிக் காசு தின்னும், இடத்தை அடைக்கும், தரை கொஞ்சம் இறங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும். அது சரியாக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? வெகுகாலம் தொலைநோக்கியும் இழுத்துக் கட்டிய கம்பியும்தான். 1980களில் அமெரிக்க அரசின் அளவீட்டு ஆய்வகத்தில் காம் லாவ் என்பவர், ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று லேசரால் அளக்கிற லேசர் டிராக்கரை உருவாக்கினார். கருவி ஒரு முக்காலியில் நிற்கும். நீங்கள் 38 மில்லிமீட்டர் எஃகுப் பந்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், லேசர் உங்களைத் தொடர்ந்து வரும். பந்துக்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று கண்ணாடிகள் இருப்பதால் ஒளி வந்த வழியே திரும்பிப் போகும். கண்ணாடிகள் சந்திக்கும் புள்ளி பந்தின் மிகச் சரியான மையம், ஆகவே பந்தை எப்படி உருட்டிப் பிடித்தாலும் கணக்கு மாறாது.

இதோடு கணினியும் சேர்ந்ததும் வடிவம் எஃகை விட்டே வெளியேற ஆரம்பித்தது. போயிங் 777 முழுக்கக் கணினியில் வரையப்பட்டது. முதல் விமானத்தைச் சேர்த்து அளந்தபோது மூக்கிலிருந்து வால்வரை நேர்க்கோட்டிலிருந்து விலகியது 0.023 அங்குலம், அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். அதற்கடுத்த படி, பாகத்திலேயே துல்லியமாகத் துளை போட்டு, துளைக்குத் துளை வைத்தால் பாகம் தானே தன் இடத்தில் உட்காரும் என்கிற முறை. ஜிக்குக்கு அங்கே தாங்கிப் பிடிக்கிற வேலை மட்டும்தான்.

கணினியும் கவிழ்க்கும். ஏர்பஸ் ஏ380இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலைக்காரர்கள் ஒரே மென்பொருளின் பழைய பதிப்பிலும் பிரான்சின் துலூஸ் ஆலைக்காரர்கள் புதிய பதிப்பிலும் வேலை செய்தார்கள். ஒரு விமானத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஒயர் போகிறது. இரண்டு பதிப்பும் ஒத்துப்போகாததால், கொண்டுவந்து மாட்டினால் ஒயர் எட்டவில்லை! திட்டம் இரண்டு வருஷம் தள்ளிப்போக அது பெரிய காரணம்.

போயிங் 787இல் கதை வேறு. கரியிழை உடலின் துண்டுகள் சேருமிடத்தில் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்குக்கு மேல் சந்து இருந்தால் அந்த அளவுக்கு ஷிம் என்கிற மெல்லிய பட்டை செய்து செருக வேண்டும். அது சில இடங்களில் சரியாக நடக்கவில்லை என்று 2020இல் தெரியவந்தது. இழுத்து முடுக்கினால் சந்து கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும், ஆனால் அந்த இழுவை பாகத்துக்குள்ளேயே பல வருஷம் தங்கிவிடும். விமானங்களை ஒப்படைப்பது நின்று, நடுவில் கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்று, 2022 ஆகஸ்டில்தான் திரும்பத் தொடங்கியது.

அப்படியானால் ரோபோவிடம் விட்டுவிடலாமே என்பீர்கள். போயிங் 777 உடலுக்கு அதையும் செய்து பார்த்தது, வெளியே ஒன்று உள்ளே ஒன்றாக ஜோடி ரோபோக்கள், உடல் ஒன்றுக்குச் சுமார் 60,000 ஆணிகள். இரண்டும் ஒத்துப்போகவில்லை, அரைகுறையாக விட்டதை ஆட்கள் வந்து முடித்தார்கள், 2019இல் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்தது வளையக்கூடிய ஒரு தண்டவாளம். ரப்பர் கிண்ணங்கள் காற்றை உறிஞ்சி அதை விமானத்தின் உடலோடு ஒட்டவைத்திருக்கும், அதன் மேல் ஒரு சின்ன ட்ரில் இயந்திரம் ஊர்ந்துகொண்டே துளை போடும். ஆணியை மாட்டுவது மறுபடி மெக்கானிக்கின் கை.