இத்தாலியச் சொல்லை எங்கே வெட்டுவது, எங்கே அழுத்துவது?

[திரையில்: ரயில் நிலையப் பெயர்ப்பலகை, மோதெனா]

இந்த ஊர்ப் பெயரை நம்மில் பலர் 'மோ-தே-னா' என்று நடுவில் இழுத்துப் படிப்போம். ஊர்க்காரர்கள் 'மோ'வில் அழுத்தி, மிச்சத்தை மளமளவென்று உதிர்த்துவிடுவார்கள்.

முதலில் அசை பிரிப்போம். பள்ளியில் 'கண்-ணன்' என்று அலகிட்டோமே, அது இங்கே நன்றாகவே கைகொடுக்கும். இரவுக்கு நொத்-தெ, பாட்டுக்குக் கான்-தோ. இரட்டை மெய் நடுவில் பிளக்கும். ஒற்றை மெய் அடுத்த உயிரோடு போகும்.

[திரையில்: ஒரு தட்டு பாஸ்தா]

நம் பழக்கம் சறுக்குவது இங்கேதான். நாம் 'பாஸ்-தா' என்போம். இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் 'பா-ஸ்தா' என்றுதான் பிரிப்பார்கள். 'ஸ்' பின்னால் வரும் மெய்யை விடாது. சன்னலும் அப்படியே: ஃபி-னெ-ஸ்த்ரா. அசையை மெய்யில் தொடங்க நமக்குக் கூச்சம், அவர்களுக்கு இல்லை. லா-ஸா-ஞாவில் வரும் 'ஞா'வுக்கு அவர்கள் இரண்டு மெய்யெழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். ஒலி ஒன்றுதான், அதனால் வெட்டக் கூடாது.

சரி, இனி அழுத்தம். பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில்: மி-லா-னோ, தோ-ரீ-னோ. கடைசி அசையில் விழுந்தால் அந்த உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு கட்டாயம். கஃப்-ஃபெ என்ற காபிக்கு அது உண்டு. கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுந்தால்? நாபொலி, ஜேனொவா, பாதொவா, நம் மோதெனா எல்லாம் அந்த ரகம். சாதாரண எழுத்தில் எந்தக் குறியும் இருக்காது. அகராதி காட்டும், இல்லையென்றால் காதுதான் கதி.

[திரையில்: ஒரே சொல், மூன்று முறை]

இதைக் கேளுங்கள். 'ப', 'த' இரண்டையும் வல்லினமாகவே சொல்ல வேண்டும். காபிதோ: தற்செயலாக வந்து சேர்கிறேன். கபீதோ: புரிந்தது. கபிதோ, கடைசியில் அழுத்தி: நடந்தது. மூன்றாவதுக்கு மட்டும் சாய்கோடு. முதல் இரண்டையும் எழுத்தில் பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான்!

வினைச்சொல்லில் ஒரு வழி இருக்கிறது. 'பேசுகிறேன்' என்பது பார்-லோ. 'பேசுகிறார்கள்' என்னும்போதும் அழுத்தம் இடம் மாறாது: பார்-லா-னோ, 'பார்'தான் பலம். 'லா'வில் அழுத்தினால் புதிதாகக் கற்பவர் என்று உடனே தெரிந்துவிடும். தொலைபேசுகிறார்கள், தெ-லே-ஃபொ-னா-னோ, இதில் அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவது அசைக்கே போய்விடுகிறது.

[திரையில்: வரைபடத்தின் குதிகால், ப்ரிந்திஸி]

இந்தத் துறைமுகத்தைச் சொல்லிப் பாருங்கள். மூன்று நொடி தருகிறேன்.

'ப்ரின்'னில் அழுத்தினீர்களா? அதேதான்.