அடைப்பே இல்லை, ஆனாலும் இதயம் தளர்கிறது: செப்சிஸ் இதயத் தசைக்குள் செய்யும் வேலை

[திரையில்: எக்கோ ஸ்கேன். இதயத்தின் இடது கீழறை பெருத்து, சோம்பலாகத் துடிக்கிறது]

இந்த எக்கோவைப் பாருங்கள். ஐசியுவில் இருக்கும் ஒருவருடையது என்று வைத்துக்கொள்வோம். வந்தது சிறுநீர்த் தொற்றுக்காக. மறுநாள் ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) ஏறிவிட்டது, பம்ப் செய்யும் திறன் பாதியாகிவிட்டது. வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் "ஹார்ட் அட்டாக்காம்" என்று ஊருக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தாயிற்று. ஆஞ்சியோ எடுத்தால் ஒரு குழாயிலும் அடைப்பு இல்லை!

அப்படியானால் இதயத்தை அடித்தது யார்?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், தள்ளிவிட்டுப் போகாதீர்கள். தொற்றை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் படை கட்டுப்பாடு இழந்து சொந்த உறுப்புகளையே தாக்குவதுதான் செப்சிஸ். 2017இல் மட்டும் உலகில் சுமார் 4.89 கோடிப் பேருக்கு வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள். சரி, பாடம் முடிந்தது.

இப்போது கதைக்கு வருவோம். 1984, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம். மார்கரெட் பார்க்கர், ஜோசப் பாரில்லோ குழுவினர் செப்டிக் ஷாக்கில், அதாவது செப்சிஸால் ரத்த அழுத்தம் ஆபத்தாக விழுந்த நிலையில், இருந்த 20 பேரின் இதயத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளுவது நல்ல இதயம். பிழைத்த 13 பேருக்கு ஆரம்பத்தில் அது சராசரியாக 32 சதவீதம்தான். இறந்தவர்களுக்கு? 55 சதவீதம். தலைகீழாகப் படித்துவிட்டேனோ என்று நினைக்காதீர்கள், அப்படித்தான் இருந்தது. அதைவிட ஆச்சரியம், பிழைத்தவர்களின் இதயம் பத்து நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

"அப்போ இதயம் தளர்ந்தால் நல்லதா?" என்று கமெண்ட் டைப் செய்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் நிற்கவில்லை. ரத்தக் குழாய்கள் மிகவும் தளர்ந்துபோனால் எதிர்ப்பே இல்லாமல் ரத்தம் வெளியே போகும், பலவீனமான இதயம்கூட ஸ்கேனில் நன்றாகத் தெரியும். ஆனால் இதயம் தளர்வதும், பிழைத்தால் மீள்வதும் உண்மை.

மறு வருடம் அதே குழு செய்த பரிசோதனைதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பிறந்த எலிக்குட்டியின் இதயச் செல்களைத் தட்டில் வளர்த்தால் அவை தானாகவே துடிக்கும். இதயம் இல்லை, மூளை இல்லை, நரம்பு இல்லை. தட்டில் தனியாக லப்டப். அந்தச் செல்கள் மேல் செப்டிக் ஷாக் நோயாளிகளின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை, விட்டார்கள். செல்கள் சுருங்கும் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே நோயாளிகள் குணமான பிறகு எடுத்த சீரத்தை விட்டால் அந்தத் தளர்ச்சி இல்லை. செப்சிஸ் இல்லாத மற்ற ஐசியு நோயாளிகளின் சீரமும் ஒன்றும் செய்யவில்லை. ஆக, ஆள் ரத்தத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறான்!

1996இல் பிடித்தார்கள். ஓர் ஆள் இல்லை, இரண்டு: டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1. இரண்டும் நம் எதிர்ப்புச் செல்களே சுரக்கும் புரதங்கள்.

[திரையில்: ஒற்றைத் தசைச் செல், உள்ளே கால்சியம் புள்ளிகள்]

செல்லுக்குள் போவோம். ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் உள்ளறையிலிருந்து கால்சியம் கொட்டி, தசை இழையில் இருக்கும் ட்ரோபோனினில் போய் ஒட்டும். லேப் ரிப்போர்ட்டில் ஏறியிருந்ததே, அதே ட்ரோபோனின் குடும்பம்தான். ஒட்டினால் இழைகள் நழுவிச் செல் சுருங்கும். பிறகு கால்சியம் திரும்ப உள்ளே இழுக்கப்படும், செல் தளரும். செப்சிஸில் உள்ளறைக் கதவு கசிகிறது, திரும்ப இழுக்கும் பம்ப் மந்தமாகிறது. போதாததற்கு, செல் அளவுக்கு மீறி நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. அதன் விளைவாக, கால்சியம் வந்தாலும் இழைகள் முன்போல் மதிப்பதில்லை. அந்த நைட்ரிக் ஆக்சைடே சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற நச்சாகி, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கிறது. இதயச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். அடி எங்கே விழுகிறது என்று புரிகிறதா?

இவ்வளவு அடி வாங்கினால் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்க வேண்டும் அல்லவா? செப்சிஸில் இறந்தவர்களின் இதயத் திசுவை உடனே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. செத்த செல்கள் அபூர்வம்! மைட்டோகாண்ட்ரியாவில் சேதம் இருந்தது, ஆனால் செல்கள் உயிரோடு இருந்தன.

வயலில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வோல்டேஜ் விழும்போது மோட்டாரை விடாமல் ஓட்டினால் காயில் கருகிவிடும். நல்ல ஸ்டார்ட்டராக இருந்தால் அதற்கு முன்பே ட்ரிப் ஆகும். தண்ணீர் நிற்கும், பயிர் வாடும், நமக்கும் எரிச்சல் வரும். ஆனால் கரண்ட் சரியானதும் மோட்டார் பழையபடி ஓடும். சக்தி தயாரிப்பு படுத்துவிட்ட நேரத்தில் இதயச் செல்லும் வேலையைக் குறைத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்னும் கருதுகோள்தான், ஆனால் பத்து நாளில் இதயம் மீள்வதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது என்பது என் கட்சி.

மருந்து? நைட்ரிக் ஆக்சைடை மொத்தமாக நிறுத்தும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் 28 நாளில் இறந்தார்கள், பெறாதவர்களில் 49. சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இழைகளுக்குக் கால்சியத்தின் மேல் பிடிப்பைக் கூட்டும் லெவோசிமெண்டானும் 2016இல் பலன் தரவில்லை. நைட்ரிக் ஆக்சைடுக்கோ உடம்பில் வேறு வேலைகளும் இருக்கின்றன. வில்லனை மட்டும் தனியாகப் பிடிக்க முடியவில்லை.

அதனால் இன்றைக்கும் சிகிச்சை பழைய வழிதான்: சீக்கிரம் ஆன்டிபயாடிக், தொற்றின் மூலத்தை நீக்குவது, அளவோடு டிரிப்ஸ், ரத்த அழுத்தம் ஏறாவிட்டால் நாரட்ரீனலின். நேரம்தான் இங்கே எல்லாம். காய்ச்சலோ தொற்றோ இருப்பவருக்கு மூச்சு வேகமாக வாங்கினால், பேச்சு குழறினால், சிறுநீர் குறைந்தால், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரும்.

வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் குட் மார்னிங் படத்துக்குப் பதிலாக இன்றைக்கு ஒருநாள் இதை அனுப்புங்கள். அடுத்து செப்சிஸில் கிட்னியைப் பார்க்கலாமா, மூளையைப் பார்க்கலாமா? கமெண்ட்டில் சொல்லுங்கள்.