ரீமேப் செய்த காரில் மூன்றாவது சிலிண்டர்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஓட்டிக் காட்டும் வீடியோ இல்லை. கார் நிற்கிறது, லேப்டாப் மடியில் இருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன், திரை தெரிகிறதா? நான்கு கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு சிலிண்டர். அந்தச் சிலிண்டரில் ஸ்பார்க் வரும் நேரத்தை (டைமிங்) எஞ்சின் எத்தனை டிகிரி தள்ளிப்போடுகிறது என்பதை அது காட்டுகிறது. மூன்று கோடுகள் பூஜ்யத்தை ஒட்டியே போகின்றன. மூன்றாவது சிலிண்டரின் கோடு மட்டும் 2,500 ஆர்பிஎம் பக்கத்தில் மைனஸ் 6 டிகிரி வரை இறங்குகிறது, பாருங்கள். எஞ்சின் கணினியை ரீமேப் செய்த, அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுதிய மறுநாள் நான் எடுத்த லாக் (எஞ்சின் பதிவு) இது. ஓட்டும்போது கார் பறந்தது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதனால்தான் இதைப் பற்றிப் பேச உட்கார்ந்தேன்.

முதலில் ரீமேப்பில் என்ன மாறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். இப்போதைய டர்போ கார்களில் ஆக்ஸிலேட்டர் மிதி நேராக காற்று உள்ளே போகும் த்ராட்டிலைத் திறப்பதில்லை. நீங்கள் மிதிப்பதை "இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வேண்டும்" என்ற கோரிக்கையாகத்தான் ஈசியூ, அதாவது எஞ்சின் கணினி, எடுத்துக்கொள்கிறது. அதற்கு எவ்வளவு காற்று தேவை என்று கணக்குப் போடுகிறது. த்ராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும், எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ட்கேட்டை எவ்வளவு மூடி பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற்ற வேண்டும், எவ்வளவு பெட்ரோல், ஸ்பார்க் எப்போது என்று எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்கிறது. இவை எல்லாம் உள்ளே அட்டவணைகளாக இருக்கின்றன. அந்த எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்.

டர்போ இல்லாத எஞ்சினில் இதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அதற்குள் போகும் காற்று வளிமண்டல அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. டர்போவில் காற்றின் அளவையே மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. பூஸ்ட் 1.0 பாரிலிருந்து 1.3 பாருக்குப் போனால் வளிமண்டலத்தின் 1 பாரையும் சேர்த்து மொத்த அழுத்தம் 2.0 என்பது 2.3 ஆகிறது. வெப்பம் அதே அளவில் இருந்தால் 15 சதவீதம் கூடுதல் காற்று! ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இது கிடைக்கிறது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

கம்பெனி ஏன் இதை விட்டுவைத்தது? மட்டமான பெட்ரோல், கடும் வெயில், மலை உச்சி, நேரத்துக்கு ஆயில் மாற்றாத ஆள் என்று எல்லோரிடமும் அந்த எஞ்சின் பிழைக்க வேண்டும். அதற்காக வைத்த இடைவெளி அது. நாம் ரீமேப்பில் எடுத்துச் செலவழிப்பது அந்த இடைவெளியைத்தான்.

சரி, மூன்றாவது சிலிண்டருக்கு வருகிறேன். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மூலையில் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்தால் அது நாக்கிங். எஞ்சின் பிளாக்கில் ஒரு சென்சார் இதற்காகவே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டதும் ஈசியூ அந்தச் சிலிண்டரின் டைமிங்கை மட்டும் சில டிகிரி ரிடார்ட் செய்துவிடும், அதாவது தாமதப்படுத்திவிடும். (நாக்கிங்கைக் கேட்டு பூஸ்டைக் குறைக்கும் வித்தையை சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே APC என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டது.) இது எஞ்சினைக் காப்பாற்றும் ஏற்பாடு. எப்போதாவது ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்றால் கவலை இல்லை. ஒவ்வொரு முறை அழுத்தி மிதிக்கும்போதும் 6 டிகிரி என்றால், அந்த மேப் கடைசி எல்லையைத் தாண்டிப் போய் நிற்கிறது, சென்சார் அதைத் தினமும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டைமிங் தள்ளிப்போனால் எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். ஓட்டுகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைச் சந்தேகப்பட்டேன். புதிது போட்டேன், பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கொஞ்சம் குறைத்தேன். பிறகு மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தேன். கோடு அசையவில்லை. அப்புறம்தான் பூஸ்ட் கோட்டை அதன் மேலே வைத்துப் பார்த்தேன். 2,500 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் உச்சத்தில் நிற்கிறது. முதுகை சீட்டோடு அழுத்தும் அந்த உதை அங்கேதான் வருகிறது, நானும் அதைத்தான் ரசித்தேன். ஆனால் அந்த வேகத்தில் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் அதிக நேரம் காத்திருக்கிறது. கனெக்டிங் ராடு மேல் விழும் பாரமும் அங்கேதான் அதிகம். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இந்தக் குறைந்த ஆர்பிஎம் பகுதியில்தான். அது பிஸ்டனையே உடைக்கும்.

அந்த டார்க்கை விட்டுக்கொடுத்தால் பவர் போய்விடுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட். 2,500 ஆர்பிஎம்மில் 350 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 92 கிலோவாட். 5,000 ஆர்பிஎம்மில் 320 மட்டும் இருந்தாலே சுமார் 168 கிலோவாட். பவர் மேலேதான் இருக்கிறது. லாக்குகளோடு ரீமேப் செய்து கொடுத்த டியூனரிடம் போய் இதைத்தான் கேட்டேன்: கீழே டார்க்கைக் குறையுங்கள், மேலே அதைக் கடைசிவரை பிடித்து வையுங்கள். செய்து கொடுத்தார்.

இதோ இரண்டாவது லாக். மூன்றாவது சிலிண்டர் மைனஸ் 1.5இல் நிற்கிறது. உதை குறைந்துவிட்டது, உண்மை. ஆனால் அதே மூன்றாவது கியரில் 3,000இலிருந்து 6,000 ஆர்பிஎம்முக்கு முன்பைவிடச் சீக்கிரமாகப் போகிறது.

ரீமேப் செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். ஒரிஜினல் ஃபைலைப் படித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது பேட்டரியோடு சார்ஜர் இணைந்திருக்க வேண்டும், பாதியில் வோல்ட்டேஜ் விழுந்தால் ஈசியூ செத்துப்போகலாம். 98 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலுக்குப் போட்ட மேப்பில் 95 ஊற்றாதீர்கள். வாரண்டியும் காப்பீடும் பாதிக்கப்படலாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது பற்றிச் சிலர் கேட்கிறீர்கள். நான் செய்ய மாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன். அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது பின்னால் வருகிறவர்.

லாக் எடுக்க டைனோவோ (காரை உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் இயந்திரம்) ரேஸ் டிராக்கோ போதும், பொதுச் சாலை வேண்டாம். நாளை நல்ல வெயிலில் டிராக்கில் மூன்று முறை தொடர்ந்து எடுக்கப் போகிறேன். பூஸ்ட் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடான பிறகு, அந்த மூன்றாவது ஓட்டத்தில் இந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த 0.1 பார் பூஸ்டைப் பற்றி யோசிப்பேன்.