திறக்க மறுத்த கதவு

நேயர்களுக்கு வணக்கம். பட்டத்துக்காக அடித்துக்கொண்ட இளவரசர்களின் கதைகள் நமக்குப் பழக்கம்தான். இன்று நான் பேசப்போவது, பட்டம் வாசலுக்கே வந்து நின்றபோது கதவைத் திறக்க மாட்டேன் என்ற ஒருவரைப் பற்றி.

1640 பிப்ரவரி. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் சுல்தான் நான்காம் முராத் இறந்துபோனார். வயது 27. மிச்சம் இருந்த வாரிசு, தம்பி இப்ராகிம் மட்டும். "மிச்சம்" என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 1635இல் இரண்டு தம்பிகளையும் 1638இல் இன்னொரு தம்பியையும் முராத் கொன்றுவிட்டிருந்தார்.

ஏன் இப்படி? துருக்கியை ஆண்ட இவர்களுடைய ஒட்டோமான் வம்சத்தில் மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி அப்போது கிடையாது. எந்த மகனும் சுல்தான் ஆகலாம். அப்புறம் என்ன, ஏறியவருக்கு மற்ற எல்லோரும் ஆபத்து. 1595இல் மூன்றாம் மெஹ்மத் பட்டமேறியபோது தம்பிகள் 19 பேரின் கழுத்தை நெரித்தார்கள். அரச ரத்தம் சிந்தக்கூடாதாம், அதனால் கயிறு! பங்காளிகள் பாகப்பிரிவினை வழக்கோடு கோர்ட் படி ஏறுவதைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். அதுவே மேல் என்று தோன்றுகிறது.

1603இல் பட்டமேறிய முதலாம் அகமது தம்பியை உயிரோடு விட்டார். நல்ல மனசு, சரி. ஆனால் பின்னாளில் இளவரசர்களை அந்தப்புரத்துக்குள் அடைத்தே வைத்தார்கள். அந்த இடத்துக்கு "கஃபெஸ்" என்று பெயர். கூண்டு என்று அர்த்தம்.

கதவுக்கு வருவோம். "சுல்தான் போய்விட்டார், இனி நீங்கள்தான்" என்று வெளியே நின்று அழைக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு வயது 24. அண்ணனின் சூழ்ச்சி, வெளியே வந்தால் கயிறு என்றே நினைக்கிறார். பெற்ற தாய் கோசெம் வந்து கெஞ்சியும் நம்பவில்லை. கடைசியில் முராத்தின் உடலைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் வெளியே வந்தார் என்று சொல்கிறார்கள். அண்ணன் பிணத்தைப் பார்த்து ஒருவன் நிம்மதி அடைய வேண்டிய வீடு அது! இந்த இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

வரலாறு அவரைப் "பைத்தியக்கார இப்ராகிம்" என்கிறது. கேலி செய்பவர்கள் அந்தக் கதவை மறந்துவிடுகிறார்கள். அவர் பயந்ததும் வீண் பயம் இல்லை. 1648இல் பதவியைப் பறித்து, அதே கயிற்றால்தான் முடித்தார்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அவருடைய மகன் சுலைமானைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா கொல்லப்பட்ட வருஷம் கூண்டுக்குள் போனபோது அவனுக்கு வயது 6. பட்டம் கொடுக்க 1687இல் வந்து அழைத்தபோது 45. அவரும் அப்பாவைப் போலவே, கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நடுங்கினார். வெளியே வந்து நான்கு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை, 1691இல் இறந்துபோனார். வணக்கம்.