சக்கரம் இறங்க இரண்டாவது வழி

நேயர்களுக்கு வணக்கம். சரக்கு விமானங்களில் சக்கரம் இறங்காமல் போவதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் அறிந்த ஒரு பயணிகள் விமானத்திலிருந்து தொடங்குகிறேன்.

2024 அக்டோபர் 11, சாயங்காலம். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக், அதாவது அழுத்தம் ஏற்றிய எண்ணெயால் இயங்கும் அமைப்பில் வந்த கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே வட்டமடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே 140 பேருக்கு மேல். டிவி இருந்த வீடுகளில் அன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கடைசியில் சக்கரங்களை இறக்கி, ஒழுங்காகவே தரையிறங்கியது. விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குப் போன் மேல் போன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எரிபொருளை மேலேயே கொட்டிவிட்டு இறங்கக் கூடாதா?" அந்த ரகம் போயிங் 737. அதில் கொட்டுகிற வசதியே கிடையாது. சுற்றிச் சுற்றித்தான் எரிபொருளைத் தீர்த்து, இறங்குவதற்குமுன் கனத்தைக் குறைக்க வேண்டும்.

ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஹைட்ராலிக் போனால் சக்கரத்தை இறக்க இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது. அந்த வழி நாளைக்கு வேலை செய்யும் என்று யார் பார்த்து வைத்தது? என் பேச்சு முழுக்க இதைத்தான் சுற்றும். திரும்பத் திரும்ப இங்கேயேதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தின் சக்கரம், அதன் கால், எல்லாம் சேர்ந்ததை நாங்கள் கியர் என்போம். கனமான சாமான். அழுத்தம் ஏற்றிய எண்ணெய்தான் அதை மடக்கி வயிற்றுக்குள் வைக்கிறது, அதுவே இறக்குகிறது. உள்ளே போனதும் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வழி என்பது வேறொன்றுமில்லை: வழக்கமான எண்ணெய் அழுத்தம் இல்லாமலே அந்தக் கொக்கியைக் கழற்றிவிடுவது. கழன்றால் கியர் தன் கனத்தாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். 737-இல் இதற்கு விமானி அறையின் தரையில் ஒரு மூடி. அதைத் திறந்தால் மூன்று கைப்பிடி, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. இழுத்தால் கம்பி இழுக்கும், கொக்கி கழலும். அவ்வளவுதான். 757, 767 ரகங்களில் கைப்பிடி இல்லை, சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் ஒரு மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும், மின்சாரம் போக வயர் வேண்டும். இந்த வயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 அக்டோபர் 4. அமெரிக்காவில் டென்னசி மாநிலம், சாட்டனூகா. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஃபெட்எக்ஸ் நிறுவனத்தின் 757 சரக்கு விமானம் மெம்பிஸுக்குக் கிளம்பியது. உள்ளே மூன்றே பேர். மேலே ஏறியதும் கியரை மடக்கினார்கள். இடது பக்க ஹைட்ராலிக் எண்ணெய் போய்விட்டது. சக்கரக் கதவை இயக்குகிற இடத்தில் ஒரு ஹோஸ், அதாவது எண்ணெய்க் குழாய், கசிந்திருந்தது. சரி, ஹோஸ் என்றால் கசியத்தான் செய்யும், அதற்குத்தானே இரண்டாவது வழி? சுவிட்சைப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் சாட்டனூகாவிலேயே வயிற்றால் இறக்கினார்கள். பிரேக் இருப்பது சக்கரத்தில். சக்கரம் இல்லையென்றால் பிரேக்கும் இல்லை. தீப்பொறி பறக்க ஓடுபாதை முழுவதும் வழுக்கி, அதன் முனையையும் தாண்டிப் போய் நின்றது. மூன்று பேருக்கும் காயமில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அந்தச் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு வயர் அறுந்திருந்தது. ஒரே ஒரு வயர்! அது அறுந்திருப்பதை விமானம் யாருக்கும் சொல்லவில்லை. தினமும் ஓடுகிற சாமான் கெட்டுப்போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். என்றைக்கோ ஒரு நாளைக்கென்று வைத்த சாமான் கெட்டால், அந்த ஒரு நாள் வந்தால்தான் தெரியும். உங்கள் கார் டிக்கியில் இருக்கிற ஸ்டெப்னியில் கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள்?

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வார்சா கதை. அது பயணிகள் விமானம், ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். ஹேங்கருக்குப் புதிதாக வந்த பையன்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட வந்தது. அது இங்கே வேண்டாம்.

2011 நவம்பர் 1. போலந்தின் லாட் நிறுவனத்து 767, நியூவார்க்கிலிருந்து வார்சாவுக்கு. 231 பேர். நியூவார்க்கில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஹைட்ராலிக் போய்விட்டது. மாற்று வழி இருக்கிற தைரியத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்துவிட்டார்கள். விதிப்படி அது தப்பில்லை. வார்சாவுக்கு மேலே வந்து சுவிட்சைப் போட்டால் கியர் அசையவில்லை. ஒரு மணி நேரம் சுற்றினார்கள். எஃப்-16 போர் விமானங்கள் பக்கத்தில் வந்து வயிற்றடியைப் பார்த்தன. ஓடுபாதையில் நுரை அடித்து வைத்தார்கள். கேப்டன் ததேயுஷ் வ்ரோனா கிளைடர் என்கிற எஞ்சின் இல்லாத விமானத்தை ஓட்டிப் பழகியவர். அத்தனை பெரிய விமானத்தை நேர்கோடு பிடித்த மாதிரி வயிற்றால் இறக்கி, ஓடுபாதைக்குள்ளேயே நிறுத்தினார். எல்லோரும் பிழைத்தார்கள். நாடே கொண்டாடியது, ஜனாதிபதி விருது கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு வழக்கில்லை.

கேமராக்களெல்லாம் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். விமானத்தைத் தூக்கினார்கள். விமானி அறையில் வலது பக்கம், கீழே தரையோரம், பையோ காலோ இடிக்கக்கூடிய இடத்தில் ஒரு சர்க்யூட் பிரேக்கர், அதாவது வெளியே வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பட்டன். பெயர் சி829. அது வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதை உள்ளே அழுத்திவிட்டு அதே மாற்றுச் சுவிட்சைப் போட்டார்கள். கியர் சாதுவாக இறங்கியது! வயர் அறவில்லை, மோட்டார் கெடவில்லை, கொக்கி துருப்பிடிக்கவில்லை. ஒரு விரல் அழுத்தியிருந்தால் போதும். மேலே எஃப்-16, கீழே நுரை, அத்தனை தீயணைப்பு வண்டிகள். காரணமோ விமானிகள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில்.

விமானிகளைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பரபரப்பில் அந்த மூலையில் குனிந்து எத்தனை பட்டனைத்தான் பார்ப்பார்கள்? என் வழக்கு வேறு. இறக்கியவருக்கு மாலை போடுகிறோம், சரி. இறக்க வேண்டி வந்தது ஏன் என்று எழுதிய அறிக்கையை யாரும் புரட்டுவதில்லை. அதில்தான் என் தொழில் இருக்கிறது.

ஹேங்கரில் கியர் ஸ்விங் என்று ஒரு வேலை உண்டு. விமானத்தை ஜாக் வைத்துத் தூக்கி, கியரை மடக்கி, இறக்கி, மறுபடி மடக்கிப் பார்ப்பது. அதோடு மாற்று வழியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலை. சுற்றிலும் கயிறு கட்டி, கீழே யாரும் நிற்காமல் காவல் வைத்து, விமானி அறையில் ஒருத்தன், வயிற்றடியில் ஒருத்தன், காதில் ஹெட்செட். முதல் தரம் இறங்கினால் எல்லோரும் கைகடிகாரத்தைப் பார்ப்பார்கள், டீக்கு நேரமாச்சே என்று. நான் இன்னொரு தரம் ஓட்டச் சொல்வேன். திட்டுவார்கள். திட்டட்டும். அன்றைக்கு அந்த வயர் நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும். அடுத்த மாதம் அதே மூலையில் வேறொருவன் கையை நுழைத்து வேறு வேலை பார்த்து, அதை இழுத்திருக்கலாம். அதனால்தான் பக்கத்தில் எந்த வேலை நடந்தாலும் முடிந்ததும் வயர்க் கட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார். எழுதி வந்ததில் பாதிதான் ஆகியிருக்கிறது. சரக்கு விமானம் என்று ஆரம்பித்துப் பயணிகள் விமானத்திலேயே நேரம் போய்விட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

சரக்கு விமானங்களில் பல, முதலில் பயணிகளை ஏற்றி ஓடி, பிறகு ஜன்னலை அடைத்துப் பெரிய கதவு வைத்து மாற்றியவை. சாட்டனூகாவில் இறங்கியதும் அப்படித்தான். வயதான வயர்க் கட்டுகள் அவற்றில் அதிகம். பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். பயணிகள் இல்லாததால் வாசலில் நின்று அழுவோரும் இல்லை, செய்தியும் ஒரு நாளோடு போய்விடும்.

2024 மே 8, இஸ்தான்புல். பாரிஸிலிருந்து வந்த ஃபெட்எக்ஸ் 767 சரக்கு விமானத்தில் மூக்குச் சக்கரம் மட்டும் இறங்கவில்லை. பின்சக்கரங்களில் பிரேக் இருந்ததால் ஓடுபாதைக்குள்ளேயே மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றது. யாருக்கும் காயமில்லை.

சரக்கு முன்னால் பாய்ந்து விமானி அறையை நசுக்காதா என்று என் பேத்தி கேட்டாள், நல்ல கேள்வி. சரக்குப் பெட்டிகள் தரையில் பூட்டோடு நிற்கும், நடுவில் பலமான தடுப்புச் சுவரோ வலையோ இருக்கும். அதைச் சோதிப்பது எப்படி என்பது தனிக் கதை, அதற்கு இன்னொரு நாள் கூப்பிடச் சொல்லுங்கள். நேரம் முடிந்ததைச் சொல்லும் விளக்கு எரிகிறது. வணக்கம்.